மாத வருமானம் காட்டும் ஆப்: எண் எங்கே தப்பாகிறது?

மே முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, தெரிந்த தம்பி ஒருவர் லேப்டாப்போடு அல்சூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து, பல் மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் விற்கிறார்கள். சந்தா கணக்குப் பார்க்க ஒரு டெஸ்க்டாப் ஆப் போட்டிருந்தார். உட்காரும் முன்பே திரையை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணா, மார்ச்ல நாலே கால் லட்சம் காட்டுது. ஏப்ரல்ல ஒண்ணே முக்கால் லட்சம்தான். ஆனா ஒரு கிளினிக்கும் நம்மள விட்டுப் போகல. என்னன்னே புரியல."

கணக்கை அவிழ்த்துப் பார்த்தோம். மாதம் 1,500 ரூபாய் கட்டும் கிளினிக்குகள் 100. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் ஆளுக்கு 1,770. ஆக மாதம் 1,77,000 வருகிறது. மார்ச்சில் கணக்காண்டு முடிகிறதே என்று புதிதாக 14 கிளினிக்குகள் ஆண்டுச் சந்தா எடுத்திருந்தன. சந்தா 15,000, வரியோடு 17,700. அது மட்டுமே 2,47,800. இரண்டையும் கூட்டி 4,24,800 என்று ஆப் காட்டியிருக்கிறது. ஏப்ரலில் அந்த 14 பேரும் எதுவும் கட்ட வேண்டியதில்லை, அதனால் மறுபடி 1,77,000.

சரியான எண் என்ன? ஆண்டுச் சந்தாவை 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1,250. பதினான்கு பேருக்கு 17,500. மாதச் சந்தாக்காரர்களிடமிருந்து வரி நீங்கலாக 1,50,000. மொத்தம் 1,67,500. மார்ச்சிலும் அதுதான், ஏப்ரலிலும் அதுதான். பிப்ரவரியில் ஒன்றரை லட்சமாக இருந்த தொழில் 17,500 ரூபாய் வளர்ந்திருக்கிறது. ஆப்பைப் பார்த்து அவர் பாதித் தொழில் போய்விட்டதாக நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை.

கைக்கு வந்த பணமும் மாதந்தோறும் திரும்ப வரும் வருமானமும் ஒன்று என்று நினைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூல காரணம். மாதந்தோறும் திரும்ப வரும் அந்த வருமானத்தை எம்ஆர்ஆர் (மந்த்லி ரெக்கரிங் ரெவன்யூ) என்று சொல்கிறோம். அந்த எண்ணுக்கு ஜிஎஸ்டி சட்டத்திலோ வருமான வரிச் சட்டத்திலோ வரையறை கிடையாது. அதனால் ஒவ்வொரு ஆப்பும் தனக்குத் தோன்றியபடி எண்ணுகிறது. ட்ரையலில் இருப்பவரைச் சேர்க்கிறதா, தள்ளுபடி கழித்த விலையை எடுக்கிறதா, முதல் நாள் வாங்கும் செட்டப் கட்டணத்தையும் கூட்டிவிடுகிறதா என்பதை ஆப் வாங்கும் முன்பே பாருங்கள். ட்ரையலும் செட்டப் கட்டணமும் உள்ளே வரக் கூடாது. தள்ளுபடி கழிந்தே ஆக வேண்டும்.

வரியும் பிடித்தமும்

வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆப்புகள் பேமென்ட் கேட்வேயில், அதாவது வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையில், வந்த முழுத் தொகையையும் வருமானமாக எடுத்துக்கொள்வது உண்டு. 1,770 ரூபாயில் 270 நம்முடையதே அல்ல, அரசாங்கத்துக்குப் போக வேண்டியது. வரிக்கு முந்தைய தொகையை எடுக்கும்படி அமைப்பை மாற்ற வழி இல்லையென்றால் அந்த ஆப் நமக்குச் சரிவராது.

எதிர்ப் பக்கமும் ஒரு தவறு நடக்கும். பெரிய நிறுவனம் ஒன்று ஒரு லட்சத்துக்குச் சந்தா எடுக்கிறது, வரியோடு இன்வாய்ஸ் 1,18,000 என்று வையுங்கள். டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்தால் பேங்கில் 1,08,000 தான் விழும். அந்தப் பத்தாயிரத்தை வருமானக் குறைவாகப் பதிவு செய்துவிடாதீர்கள். அது நம் பெயரில் கட்டப்பட்ட வரி, கணக்குத் தாக்கல் செய்யும்போது நம் வரவில் வரும். கேட்வே பிடிக்கும் கட்டணமும் அப்படித்தான். அது செலவு. எம்ஆர்ஆரிலிருந்து கழிக்கக் கூடாது.

இன்னொன்று, இந்த எண்ணை ஆடிட்டரிடம் கொடுத்து வரி கட்டச் சொல்ல முடியாது. மார்ச்சில் 17,700 வாங்கினால், மாதாமாதம் தாக்கல் செய்பவர் அதிலுள்ள 2,700 ரூபாய் வரி முழுவதையும் ஏப்ரல் 20க்குள் கட்ட வேண்டும். மாதத்துக்கு 1,250 என்று பிரித்தது நாம் தொழிலைப் புரிந்துகொள்ள மட்டும். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியில் ஒரு எண், ஆப்பில் ஒரு எண் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று நம்மால் சொல்ல முடிய வேண்டும்.

15,000 ரூபாய்க் கோடு

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நிஜமாகவே பணம் போகிறது. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டுப்பாட்டைக் கறாராக நடைமுறைப்படுத்தியது. அப்போது ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய உச்சத் தொகை 5,000. 2022 ஜூனில் அதை 15,000 ஆக்கினார்கள். கார்டானாலும் யூபிஐ ஆட்டோபே ஆனாலும் அதுதான் வரம்பு. மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் வரை தளர்த்தினார்கள். நம் சாஃப்ட்வேர் அந்தப் பட்டியலில் இல்லை.

தம்பியின் ஆண்டுச் சந்தாவைத் திரும்பப் பாருங்கள். விலை சரியாக 15,000, கோட்டுக்குள் இருப்பது போலத்தான் தெரிகிறது. ஜிஎஸ்டி சேர்ந்ததும் 17,700. அடுத்த மார்ச்சில் அந்த டாக்டர் தானே வந்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் வரும். நோயாளியின் வாயில் கருவியை வைத்திருக்கும் நேரத்தில் போனில் வரும் செய்தியை யார் பார்ப்பார்கள்? சேவையை விட வேண்டும் என்று அவர் முடிவே செய்திருக்க மாட்டார். சந்தா மட்டும் நின்றுபோயிருக்கும்.

ஆப் செய்யும் தவறு இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. பணம் எடுக்க முடியாமல் போன சந்தாவைக் கேட்வே உடனே ரத்து செய்வதில்லை. நிலுவையில் வைத்து மறுபடி முயற்சி செய்யும். அந்த நாட்களில் ஆப் அவரை நடப்பு வாடிக்கையாளராகவே எண்ணிக்கொண்டிருக்கலாம். எண் நன்றாக இருக்கும், பணம் வராது. நிலுவையில் உள்ளவர்களைத் தனி வரியில் காட்டும் ஆப்பைத்தான் நான் எடுப்பேன். அந்த வரியில் ஒரு பெயர் வந்த அன்றே போன் போட்டுப் பேசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விலையையும் யோசிக்கலாம். வரி நீங்கலாக 12,700 வரை வைத்தால் வரியோடு 15,000க்குள் அடங்கும். இல்லையென்றால் 7,500க்கு அரையாண்டுத் திட்டம் வையுங்கள், வரியோடு 8,850.

லேப்டாப்பில் ஓடுவதால் வரும் சிக்கல்கள்

தகவல் நம் கையிலேயே இருக்கிறது, மாதக் கட்டணம் இல்லை என்பதால் டெஸ்க்டாப் ஆப் எனக்குப் பிடிக்கும். சிறு தொழிலுக்கு அது போதும். ஆனால் லேப்டாப் மூடியிருந்தால் ஆப்பும் தூங்குகிறது. மார்ச் 28ல் ஒருவர் 3,000 திட்டத்திலிருந்து 1,500க்கு இறங்குகிறார், நீங்கள் ஊருக்குப் போய்விட்டு ஏப்ரல் 3ல் திறக்கிறீர்கள். அன்றைய நிலையை மட்டும் எடுத்து வைக்கும் ஆப் அந்தக் குறைவை ஏப்ரல் கணக்கில் எழுதும். ஒவ்வொரு மாற்றமும் நடந்த தேதியைக் கேட்வேயிலிருந்து இழுத்துப் பதியும் ஆப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. கூட்டாளிகள் இருவர் தனித்தனி லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, உன் எண் சரியா என் எண் சரியா என்று வாதாடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

நேரமும் ஏமாற்றும். கேட்வேக்கள் தரும் நேரமுத்திரை உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்குப் பணம் எடுத்தால் அங்கே மார்ச் 31 இரவு பத்தரை. நேர மண்டலத்தை இந்தியா என்று வைக்காவிட்டால், மாதப்பிறப்பன்று விடியற்காலையில் வருவதெல்லாம் முந்தைய மாதத்தில் போய் விழும்.

பெங்களூரில் வார இறுதியில் தாங்களே ஒரு ஆப் எழுதிக்கொள்பவர்கள் நிறைய. அவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்ட்ரைப், ரேசர்பே ஆகிய கேட்வேக்கள் இரண்டுமே தொகையைப் பைசாவில் தரும், 1,770 ரூபாய் 177000 என்று வரும். அப்புறம், பட்டியல் கேட்டால் ஒரு தடவைக்கு 100 பேருக்கு மேல் தராது. அடுத்த பக்கத்தைக் கேட்க மறந்தால் 101வது வாடிக்கையாளர் கணக்கிலேயே இருக்க மாட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர், வளர்ச்சி நின்றுவிட்டது என்று விளம்பரத்துக்கே காசு போட்டுவிட்டு, பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார்.

கேட்வேயிலிருந்து ஆப் தகவல் எடுக்கப் போடும் ரகசியக் குறியீடுதான் சாவி (ஏபிஐ கீ). அந்த விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கேட்வேயின் முழு அதிகாரச் சாவியை ஆப்பில் போட்டால், அந்தச் சாவி கையில் கிடைத்தவர் ரீஃபண்டும் போட முடியும். ஸ்ட்ரைப்பில் படிக்க மட்டும் அனுமதிக்கும் சாவி தனியாக எடுக்கலாம், அதைக் கொடுங்கள். கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் சாவியை அனுப்பாதீர்கள். தரவுக் கோப்பை வாரம் ஒரு முறை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். ஆப்பை மூடிய பிறகு எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பழுதாகிப்போக வாய்ப்பு உண்டு.

டாலர் வாடிக்கையாளர் இருந்தால் மாற்று விலையை ஆண்டுக்கு ஒன்றாக நிறுத்தி வையுங்கள். 1,000 டாலர் சந்தா 83ல் 83,000, 86ல் 86,000. ஒரு வாடிக்கையாளரும் வராமல் 3,000 ரூபாய் வளர்ந்ததாகக் காட்டும்.

அன்று தம்பியிடம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன்: போன மாத எண், புதிதாக வந்தவர்கள், திட்டம் ஏறியவர்கள், இறங்கியவர்கள், விட்டுப் போனவர்கள். கூட்டிக் கழித்து வருவதும் ஆப் காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும், மாதம் பிறந்தால் பத்து நிமிட வேலை. ஜிஎஸ்டியை நீக்கி, ஆண்டுச் சந்தாவைப் பிரிக்கச் சொல்லி ஆப்பில் அமைப்பை மாற்றினோம். ராத்திரி ஏழரை மணி வாக்கில் நோட்டிலும் திரையிலும் 1,67,500 என்று வந்தது. அடுத்த மார்ச்சில் ஓடிபி கேட்கப்போகும் அந்த 14 கிளினிக்குகளின் பெயரையும் தேதியையும் போன் காலண்டரில் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டுத்தான் எழுந்தார்.