குரோசாவாவின் சுயசரிதை கோனார் உரை அல்ல

படமே பார்க்காமல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறவர்களை விட்டுவிடுவோம். படத்தையும் பார்த்து, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் சுயசரிதையையும் அக்கறையாகப் படித்தவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

தலைப்பைத் தாண்டிப் போவது

ஜப்பானிய மூலத்தின் பெயர் 'காமா நோ அபுரா', அதாவது தேரை எண்ணெய். கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட தேரை தன் உருவத்தைக் கண்டு மிரண்டு வியர்க்குமாம்; அந்த வியர்வைதான் மருந்து என்று கூவி விற்பார்கள். குரோசாவா தன்னையே அந்தத் தேரை என்கிறார். ஆங்கிலத் தலைப்பில் தேரை இல்லை.

இயக்குநர் சொன்ன அர்த்தத்தோடு நின்றுவிடுவது

ஒரு கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் 'ரஷோமோன்' (1950) படத்தின் படப்பிடிப்புக்கு முன் மூன்று உதவி இயக்குநர்கள் வந்து, கதை புரியவில்லை என்கிறார்கள். தன்னைப் பற்றிப் பேசும்போது மனிதனால் நேர்மையாக இருக்க முடியாது, அதுதான் கதை என்று குரோசாவா விளக்குகிறார். இந்தப் பத்தியைக் கண்டதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. வேலை நடக்க வேண்டுமே என்று உதவியாளர்களிடம் சொன்ன விளக்கம் அது. தொடராக எழுதியதோ 1978இல், 28 ஆண்டு கழித்து. படத்தில் பொய் சொன்ன அதே விறகுவெட்டிதான் கடைசியில் அநாதைக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறான். அந்த விளக்கத்துக்குள் இந்தக் குழந்தையை எப்படி அடக்குவது?

இன்னொன்று. எழுத்தாளர் அகுடாகவாவின் 'தோப்புக்குள்' கதை மட்டும் ஒரு முழுப் படத்துக்குப் போதவில்லை. அவருடைய 'ரஷோமோன்' கதையையும் சேர்த்தார்கள். சேர்க்கலாம் என்று தோன்றியது யாருக்கு? தனக்குத்தான் என்கிறார் குரோசாவா. 2006இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில், தான்தான் சட்டென்று சொன்னதாகத் திரைக்கதையாசிரியர் ஷினோபு ஹாஷிமோட்டோ எழுதுகிறார். ஆளுக்கொரு கதை சொல்லும் படத்துக்கே ஆளுக்கொரு பிறப்புக் கதை! இத்தனைக்கும், படம் புரியவில்லை என்ற, படத்தைத் தயாரித்த டையெய் நிறுவனத்தின் தலைவர் பிறகு பெருமையைத் தனதாக்கிக்கொண்டார் என்று குரோசாவா அதே புத்தகத்தில் குறைபட்டுக்கொள்கிறார்.

ஆகவே ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: குரோசாவா சொல்வது, ஹாஷிமோட்டோ சொல்வது, திரையில் இருப்பது. மூன்றாவதைப் புத்தகம் திறக்கும் முன்பே நிரப்பிவிட வேண்டும். 88 நிமிடப் படம்தான், இரண்டு தடவை பார்க்கலாம். முதல் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம். யாருக்கு எது ஆதாயம் என்று ஓரத்தில் குறித்தால் போதும்.

தூணைக் குறியீடாக்குவது

படத்தில் வரும் ரஷோமோன் என்ற பிரம்மாண்ட வாயிலின் கூரை பாதி இடிந்து கிடக்கிறது. சமூகச் சீரழிவின் குறியீடு என்று எழுதுவதற்கு முன் புத்தகத்தைப் புரட்டுங்கள்: முழுக் கூரையும் போட்டால் தூண்கள் தாங்காது, அதனால்தான் இடிந்ததாக அமைத்தார்கள். சீரழிவும் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் பாரம், மரம், வெயில், பணம் பற்றி ஓர் இயக்குநர் சொல்வதை, அர்த்தம் பற்றிச் சொல்வதைவிட அதிகமாக நம்பலாம்.

'ஏழு சாமுராய்' பற்றித் தேடுவது

கிடைக்காது. அது அவர் பிறகு எடுத்த படம்; சுயசரிதையை 'ரஷோமோன்' காலத்தோடு வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்.

அண்ணன்

1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 13 வயதுத் தம்பியைப் பிணங்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போய், கண்ணை மூடாமல் பார் என்றவர் அண்ணன் ஹெய்கோ. அந்த அத்தியாயத்தைப் படித்த இரவே எதுவும் எழுத உட்காராதீர்கள். குரோசாவா படங்களில் விழும் ஒவ்வொரு பிணமும் அந்தத் தெருவிலிருந்து வந்ததாகவே தோன்றும்.