கொடியில் இலைப்புள்ளி: நாமே தேடிக்கொள்ளும் தவறுகள்

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டால் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் காகிதப்பூக் கொடிகளுக்குக் கெட்ட நேரம். முதலில் ஓர் இலையில் மிளகளவு பழுப்புப் புள்ளி தெரியும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக் கொடிக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். அப்புறம் தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். "தம்பி, வேப்பெண்ணெய் அடிங்க", "மஞ்சள் தண்ணி ஊத்துங்க", "உரம் பத்தலை". அத்தனையும் நான் செய்து பார்த்துவிட்டேன். அதில் பாதி வீண், மீதி கெடுதல்.

புள்ளி விழுந்த இலை ஆறாது. நமக்கு ஏற்பட்ட புண் மேல் புதுத்தோல் வளரும். இலைக்கு அப்படி இல்லை. புள்ளி இருக்கும் இடம் செத்துப்போன இடம், எதை அடித்தாலும் பச்சை திரும்பாது. இது தெரியாமல் முதல் வருஷம் நான் செம்பு மருந்து வாங்கி அடித்தேன். நாலு நாளில் புள்ளி போகவில்லை என்று திரும்பவும் அடித்தேன், இந்த முறை கொஞ்சம் கெட்டியாகவே கலந்து. பழைய புள்ளிகள் அப்படியே இருக்க, தளிர்கள் ஓரம் கருகி உதிர்ந்தன. செடியைக் கெடுத்தது நோய் பாதி, நான் பாதி. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அடுத்து வரும் தளிரைப் பாருங்கள். அது சுத்தமாக வந்தால் போதும்.

தண்ணீர் எப்போது, எங்கே

பூஞ்சை வித்து முளைக்கவும் பாக்டீரியா இலைக்குள் நுழையவும் வேண்டியது ஒன்றுதான்: இலை மேல் சில மணி நேரம் தங்கும் ஈரம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய 170 நாள் மழை நாள். விடிவதற்குச் சற்று முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். இப்படிப்பட்ட ஊரில் வேலை முடிந்து வந்து, இரவு எட்டு மணிக்கு ரப்பர் குழாயைப் பிடித்துக் கொடியைத் தலையோடு குளிப்பாட்டுவதைவிட நோய்க்குப் பெரிய உபகாரம் கிடையாது. அந்த ஈரம் மறுநாள் வெயில் ஏறும் வரை காயாது.

காலையில் ஊற்றுங்கள், மண்ணில் ஊற்றுங்கள், மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக விழும் தண்ணீர் மண்ணில் கிடக்கும் வித்துகளைத் தெறிக்கவிட்டுக் கீழ் இலைகளில் ஒட்டவைக்கும். மழைச் சாரலும் இதையேதான் செய்கிறது, அதை நம்மால் நிறுத்த முடியாது. நம் கைத்தண்ணீரையாவது நிறுத்தலாமே. காகிதப்பூவுக்கு எப்படியும் மண் மேலே காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தினமும் ஊற்றுவது நம் மன நிம்மதிக்குத்தான்.

நம் மேம்பாலங்களில் இரண்டு பக்கமும் வழிகிற காகிதப்பூவைக் கவனித்திருப்பீர்கள். அவற்றுக்குக் குடை பிடிப்பார் யாரும் இல்லை, எல்லா மழையிலும் நனைகின்றன. ஆனாலும் பூக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கேயும் புள்ளி இலை இருக்கும். ஆனால் முழு வெயில், தடையில்லாத காற்று. மழை விட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன, நோய் பரவுவதற்குள் புதுத்தளிர் வந்துவிடுகிறது. நம் தாழ்வாரத்தில் இருப்பது அரை வெயில், அசையாத காற்று.

அதனால்தான் தொட்டிகளை நெருக்கி அடுக்குவதும் தவறு. 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. அதை மதித்து எல்லாத் தொட்டியையும் சுவரோரம் ஒட்டி வைக்கிறோம். சரிதான், ஆனால் பத்துத் தொட்டி இருந்த இடத்தில் ஆறு வைத்தால் இலைக்கும் இலைக்கும் நடுவே காற்று போகும். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளால் கொடியைப் போர்த்துகிறவர்களும் உண்டு. உள்ளே ஆவி பிடித்து, நோயை நாமே அடைகாத்து வளர்த்த கதையாகிவிடும். மழை மோசமான வாரங்களில் தொட்டியைச் சாரல் படாத பக்கம் நகர்த்தி வைப்பது போதும். பிப்ரவரியில் காற்று காய்ந்ததும் திரும்ப வெயிலுக்கு. ஒதுக்கி வைத்த நாட்களில் பூ குறையும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாப் புள்ளியும் ஒரே புள்ளி இல்லை

மருந்துக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கைத்தொலைபேசிக் கேமராவைப் பெரிதாக்கினால் இன்னும் நல்லது.

புள்ளி வட்டமாக, நடுவில் சாம்பல் அல்லது வைக்கோல் நிறமாக, சுற்றி வளையம் வளையமாக, நடுவே ஊசிமுனை அளவு கருப்புப் பொட்டுகள் தெரிந்தால் பெரும்பாலும் பூஞ்சை. நடு காய்ந்து உதிர்ந்து ஓட்டை விழுவதும் உண்டு. மல்லிகையிலும் பூஞ்சைப் புள்ளிதான் அதிகம்.

புள்ளி எண்ணெய் பட்ட காகிதம்போல் நனைந்த மாதிரி தொடங்கி, நரம்பு தடுத்த இடத்தில் நின்று கோணலாகி, ஓரம் மஞ்சள் பூத்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். காகிதப்பூவில் இது செம்பழுப்புப் புள்ளியாகத் தொடங்கும். தளிர் சுருங்கிக் கோணிக்கொள்ளும், சில சமயம் நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ண இலையிலும் கறை விழும். சோளப் பயிரில் கோடு கோடாக நோய் உண்டாக்கும் அதே பாக்டீரியாதான் இது. வயலில் இருப்பது நம் நான்காவது மாடிக்கும் வருகிறது, பெரும்பாலும் வாங்கி வந்த செடியோடு.

புள்ளியே இல்லாமல் இலை முழுக்க மங்கலாக ஊசி குத்தியதுபோல் இருந்தால் அது சிலந்திப்பேன். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள், பொட்டுகள் நகரும். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சளானால் சத்துக் குறை. இங்கே பெய்யும் மழைக்குத் தொட்டி மண்ணின் சத்து சீக்கிரம் கரைந்து போகும். இந்த இரண்டுக்கும் பூஞ்சைக்கொல்லி அடிப்பது, பல்வலிக்குக் கண் மருந்து போடுவதுதான்.

கத்தரி

பயந்துபோய் எல்லா இலையையும் உருவிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இலைதான் செடிக்கு அடுப்பு. ஒன்றிரண்டு புள்ளி உள்ள இலை இன்னும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பாதிக்கு மேல் கருகியதை மட்டும் எடுங்கள். மண்ணை ஒட்டிய கீழ் இலைகளையும், உள்ளே பின்னிக் கிடக்கும் மெல்லிய குச்சிகளையும் கழித்தால் காற்றுக்கு வழி கிடைக்கும்.

செடி ஈரமாக இருக்கும்போது வெட்டவே கூடாது. ஈர விரலும் ஈரக் கத்தரியும் நோயை ஒவ்வொரு காயத்திலும் கொண்டுபோய் வைக்கும். ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் 70 விழுக்காடு ஆல்கஹாலில் கத்தரியைத் துடையுங்கள். கோவிட் காலத்தில் வாங்கிய பாட்டில் யார் வீட்டில்தான் மிச்சம் இல்லை?

உதிர்ந்த இலையைத் தொட்டியிலேயே எருவாகட்டும் என்று விடுவது, நான் நெடுநாள் பெருமையாகச் செய்த தவறு. அடுத்த மழைக்கான வித்து அத்தனையும் அதில்தான் இருக்கிறது. பொறுக்கி, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள். வீட்டு உரத் தொட்டியிலும் வேண்டாம், அது நோயைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை.

மருந்து என்ற பெயரில்

சமையலறை வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வேப்பெண்ணெய் பூச்சிக்கு உதவும், இலைப்புள்ளிக்குப் பெரிதாக உதவாது. உச்சி வெயிலில் அடித்தால் இலையைச் சுடும். சமையல் சோடா சாம்பல் நோய்க்கு ஓரளவு பயன்படலாம், ஆனால் அதன் உப்பு தொட்டி மண்ணில் சேரும். பாத்திரம் கழுவும் சோப்பு இலையின் மெழுகுப் பூச்சையே கழுவிவிடும். மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறேன் என்றார் ஒருவர். தயவுசெய்து வேண்டாம். பாக்டீரியாவுக்கு மருந்து கேட்காத பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் வேலை அது.

உரமும் மருந்தல்ல. நோய்ப்பட்ட செடிக்குத் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் மெத்தென்ற தளிர் வரும், அதைத்தான் நோய் முதலில் பிடிக்கும்.

கடை மருந்துதான் வேண்டும் என்றால், அது எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். மாங்கோசெப் பூஞ்சைக்கு மட்டுந்தான், பாக்டீரியாவிடம் செல்லாது. காப்பர் ஆக்சிகுளோரைட் இரண்டையும் ஓரளவு தடுக்கும். இரண்டுமே இலை மேல் உட்கார்ந்து காவல் காக்கிறவை, உள்ளே புகுந்த நோயை விரட்டுகிறவை அல்ல. ஆகவே நல்ல இலைகள் மேல்தான் அடிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கமும் சேர்த்து. மூன்று மணிக்கு வானம் கறுத்திருக்கும்போது அடித்தால் நாலு மணி மழை கழுவிக்கொண்டு போய்விடும். தாளில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு துளி கூடாது. பக்கத்து வீட்டுத் துணி, பறவைக் கூண்டு, பிள்ளைகளின் செருப்பு எல்லாம் சுற்றிலும் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, வடிகாலில் போகும் மழைநீர் நீர்த்தேக்கத்துக்கு வந்து நம் குழாய்க்கே திரும்பும்.

பத்து வெள்ளிச் செடிக்கு முப்பது வெள்ளி மருந்து வாங்குவதும் ஒரு தவறுதான். புதிதாக வாங்கிய சின்னச் செடியில் தண்டு வரை கறுத்திருந்தால் மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த செடி.

அடுத்த வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) என் ஊதாக் காகிதப்பூவில் ஒரு குச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறார். மலாயிலும் அதற்குக் காகிதப்பூ என்றுதான் பெயர், புங்கா கெர்த்தாஸ். போன ஜனவரியில் அவசரப்பட்டு வெட்டிக் கொடுத்தேன், குச்சியோடு புள்ளியும் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. இந்த முறை பிப்ரவரி முடியட்டும், இரண்டு தளிர் சுத்தமாக வரட்டும், பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் மின்தூக்கிக்குப் போகும் வழியில் நின்று தளிரை எண்ணிவிட்டுத்தான் போகிறார்.