நூறு பேருக்கு பான்கேக் விருந்து: நிதி திரட்ட ஒரு செய்முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் தீயணைப்பு நிலையம், தேவாலயம், லயன்ஸ் சங்கம், கிவானிஸ் சங்கம் போன்ற சேவை அமைப்புகள் என்று பலரும் பான்கேக் (மைதா, பால், முட்டை கரைத்துச் சுடும் மெத்தென்ற அப்பம்) காலை உணவு நடத்தி நன்கொடை திரட்டுகிறார்கள். கனடாவின் கால்கரி நகரில் 1923-இல் ஸ்டாம்பீட் என்ற குதிரையேற்ற விழாவின்போது குதிரை வண்டிக்காரர்கள் தெருவிலேயே சுட்டுக் கொடுத்த பான்கேக், இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும் விழா நடக்கும் பத்து நாளும் ஊரெங்கும் கிடைக்கிறது. அங்கே பெரும்பாலும் இலவசம்தான், சில இடங்களில் பக்கத்தில் உண்டியலும் இருக்கும். மற்ற ஊர்களில் டிக்கெட் விற்பதே வழக்கம். இந்த நாடுகளில் குடியேறிய நம்மவர்கள் முதன்முறையாக நடத்துவதற்கு, நூறு பேருக்கான கணக்கு இது.

1. யாருக்காக?
உணவு வங்கி, பள்ளி நூலகம், எதுவானாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். "நல்ல காரியத்துக்கு" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பர்ஸைத் திறக்கமாட்டார்கள்.

2. அனுமதி
ஒரு நாள் உணவு விற்பனைக்கும் உள்ளூர் சுகாதாரத் துறையின் தற்காலிக அனுமதி தேவைப்படலாம். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

3. சாமான்
ஆளுக்கு மூன்று என்றால் 300 பான்கேக். ஒன்றுக்குக் கால் கப் கரைத்த மாவு வேண்டும். வீட்டு முறையில் கரைத்தால் சுமார் 7 கிலோ மைதா, 11 லிட்டர் பால், மூன்று டஜனுக்குச் சற்று அதிகமாக முட்டை, அப்புறம் வெண்ணெய், பேக்கிங் பவுடர். தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும் என்ற கலவை மூட்டையாகவே கிடைக்கும். புதியவர்களுக்கு அதுதான் நிம்மதி. சிரப் ஆளுக்கு 45 மில்லி வீதம் நாலரை லிட்டர். அசல் மேப்பிள் சிரப் விலை கையைக் கடிக்கும். கடைக்காரரிடம் மாவையோ சிரப்பையோ நன்கொடையாகக் கேளுங்கள். செலவு குறைந்தால்தான் டிக்கெட் பணம் முழுசாகப் போய்ச் சேரும்.

சாசேஜ் வைத்தால் பன்றியா, கோழியா என்று எழுதி வையுங்கள். சைவத்துக்குத் தனிக் கல். முட்டை, பால், கோதுமை இருப்பதையும் பலகையில் போடுங்கள்.

4. கல்லும் கரண்டும்
பலர் கோட்டைவிடுவது இங்கேதான். எட்டு பான்கேக் பிடிக்கும் மின்சாரக் கல்லில் ஒரு ஈடு எடுக்க நாலைந்து நிமிடம் ஆகும். மணிக்கு நூறு சுடலாம். கூட்டம் ஒன்பது மணி வாக்கில் மொத்தமாக வரும் என்பதால் மூன்று கல்லாவது வேண்டும். ஆனால் ஒரு கல் சுமார் 1500 வாட் இழுக்கும். அங்குள்ள 120 வோல்ட், 15 ஆம்பியர் சர்க்யூட் தாங்குவது 1800 வாட்தான். இரண்டு கல்லை ஒரே சர்க்யூட்டில் செருகினால் பிரேக்கர் விழுந்து கரண்ட் போய்விடும். காபி பாய்லரும் இதே ரகம். எந்த பிளக் எந்த சர்க்யூட் என்று முந்தின நாளே பார்த்து டேப் ஒட்டி வையுங்கள். கேஸ் கல் என்றால் வெளியே மட்டும். உள்ளே கார்பன் மோனாக்சைடு ஆபத்து.

5. சுடுவது
மாவை நம் தோசை மாவு போல அடித்துக் கலக்க வேண்டாம். சின்னக் கட்டிகள் இருக்கட்டும், அடித்தால் ரப்பராகிவிடும். பத்து நிமிடம் விடுங்கள். கல் 190 டிகிரி செல்சியஸ். ஊற்றியதும் கரண்டியால் தேய்க்கக் கை தானாகப் போகும். தேய்க்காதீர்கள், அதுவே வட்டமாகப் பரவும். மேலே குமிழி உடைந்து ஓட்டை மூடாமல் நின்று, ஓரம் ஈரம் வற்றினால் ஒரே திருப்பு. கரண்டியால் அழுத்தவும் கூடாது. முட்டை சேர்த்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, மீதியை ஐஸ் மேல் வையுங்கள்.

6. கல்லா
முன்கூட்டியே டிக்கெட் விற்பது நல்லது. மழை வந்தாலும் பணம் வந்திருக்கும். வாசலில் சில்லறையோடு இருவர், பக்கத்தில் தனி உண்டியல். பணத்தை எண்ணும்போதும் இருவர் இருக்கட்டும். மொத்தம், செலவு, கொடுத்த தொகை மூன்றையும் அந்த வாரத்துக்குள் வந்தவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.