மட்டியில் மணல் கடிபடாமல் இருக்க

உயிருள்ள மட்டியை (இரட்டை ஓடுள்ள சிப்பி வகை) சமைக்கும் முன் வெறும் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள்; லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டு வையுங்கள். மணல் தானாக வெளியே வந்துவிடும்.

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய அந்த அளவுதான். அந்த உப்பு இருந்தால்தான் மட்டி ஓட்டைத் திறந்து நீரை உறிஞ்சித் துப்பும். நல்ல தண்ணீர் பட்டால் இறுக மூடிக்கொள்ளும், வெகுநேரம் கிடந்தால் செத்தும் போகும். அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, மட்டி மூழ்கியும் மூழ்காமலும் இருக்கும் அளவு தண்ணீர் விட்டால் போதும். ஆழப் பாத்திரத்தில் குவித்தால் மூச்சுக்காற்று போதாது. மேலே ஒரு துணி மூடுங்கள், இருட்டில் சீக்கிரம் வாய் திறக்கும்.

எடுக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். தண்ணீரோடு வடிகட்டியில் கொட்டினால் அடியில் தங்கிய மணல் முழுக்க மறுபடி மட்டி மேலேயே விழும். கையால் அள்ளி எடுங்கள்.

உறைய வைத்தது, ஓடு நீக்கியது, வேக வைத்து விற்பது ஆகியவற்றுக்கு இது பயன்படாது. உயிர் இருந்தால்தானே துப்பும்! கழிமுகத்து மட்டிக்கு இவ்வளவு உப்பு ஆகாது, குறைத்துப் போட வேண்டும். திறந்து கிடப்பதைத் தட்டியும் மூடவில்லை என்றால், ஊற வைக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள்.