தட்டானையும் தும்பையையும் ஒப்பிடுவது எப்படி?

முதல் வருடம் பிள்ளைகளை அட்டவணை போடச் சொன்னேன். ஒருத்தி எழுதி வந்தாள்: "தட்டான்: கால் ஆறு. தும்பை: கால் இல்லை." பூச்சியையும் செடியையும் உறுப்புக்கு உறுப்பு வைத்துப் பார்க்கச் சொன்னால் அப்படித்தான் வரும், தப்பு என் மேல். இப்போது மூன்றே கேள்விகள்: சாப்பாடு எங்கிருந்து? குஞ்சும் விதையும் எங்கே வளர்கின்றன? மழை நின்றால் என்ன ஆகும்?

ஐப்பசியில் மழை விட்ட காலை, தண்ணீர் தேங்கிய தரிசுப் பக்கம் போங்கள். லென்ஸும் நோட்டும் போதும். நான் எடுப்பது பாண்டலா ஃபிளாவெசென்ஸ் என்ற தட்டான். மஞ்சள் உடம்பு, சுமார் நாலரை சென்டிமீட்டர். லேசில் உட்காராது, உட்கார்ந்தால் குச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். வாலில் நூல் கட்ட வேண்டாம் (சின்ன வயதில் நானும் கட்டியவன்தான்). தும்பைக்கு, தண்டை இரு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். நாலு பட்டை தட்டுப்படும்.

முதல் கேள்விக்கே சண்டை வரும். "தேன் குடிக்கத்தானே சார் வருது?" இல்லை. தும்பைப் பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் நமக்குத்தான் இனிக்கும். தட்டானுக்கு வேண்டியது பறக்கிற கொசுவும் சிறு பூச்சியும். செடிக்கோ வெயிலும் தண்ணீரும் காற்றும்.

இரண்டாவது கேள்விக்கு நேரம் கொடுங்கள். குட்டை ஓரத்துப் புல் தண்டுகளில் பழுப்பு நிறத்தில் காலிச் சட்டை ஒட்டியிருக்கும். முதுகு பிளந்து, உள்ளிருந்து வெள்ளை நூல்கள் எட்டிப் பார்க்கும். அவை குஞ்சின் மூச்சுக்குழாய்களின் உள்தோல். தண்ணீருக்குள் வேட்டையாடி வளர்ந்த குஞ்சு இங்கே ஏறித்தான் தட்டானாகியிருக்கிறது. கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. சூடான குட்டையில் ஆறு வாரம்கூட அதற்குப் போதும். மழைக்குட்டையை நம்பிப் பிழைக்க அந்த அவசரம் வேண்டும்.

மூன்றாவதில் தும்பை காய்ந்துபோகும், விதை மண்ணில் கிடக்கும். தட்டான் கிளம்பிவிடும். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக, காற்றோடு கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று, மாலத்தீவில் அவை வந்துபோவதைக் குறித்துவைத்த சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார்.

அப்புறம் மாசியில் அதே இடத்துக்கு ஒருமுறை போங்கள். காய்ந்த தும்பைக் கொத்தை உள்ளங்கையில் கசக்கி, ஒரு பூவிருந்த இடத்தில் எத்தனை விதை என்று எண்ணச் சொல்லுங்கள். நான்கு வரை கிடைக்கும்.