பிரிட்டிஷ் டாங்கி மாடல்கள்: மேசைப் போருக்குக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் டாங்கிகளை மேசைப் போர் விளையாட்டுக்காகக் கட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரைப் பார்த்துத்தான் கிட் வாங்குகிறார்கள். செஞ்சூரியன் பிடிக்கும் என்றால் பெட்டியில் செஞ்சூரியன் என்று எழுதியிருந்தால் போதும், வீட்டுக்கு வந்துவிடுகிறது. தவறுகளில் பாதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

செஞ்சூரியன் என்ற பெயருக்குள் பல வண்டிகள் இருக்கின்றன. அதன் முதல் ஆறு வண்டிகள் 1945 மே மாதம் ஐரோப்பா போய்ச் சேர்வதற்குள் அங்கே போர் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கொரியா, 1956 சூயஸ், 1965 இந்தியா–பாகிஸ்தான் போர், வியட்நாம், 1967-லும் 1973-லும் இஸ்ரேல் என்று பல நாட்டுப் படைகளில் அது சண்டை போட்டது. இதற்கிடையில் பீரங்கி மாறியது, என்ஜின் மாறியது, வண்டியின் பின்பக்க வடிவமே மாறியது. அதனால் கடைக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள்: எந்த ஆண்டு, எந்த இடம். கிட், பெயின்ட், எண்கள், எத்தனை வண்டி வேண்டும் என்பதெல்லாம் அந்த முடிவிலிருந்துதான் வரும்.

பீரங்கிக் குழலைக் கவனிக்காமல் விடுவது

மேசையில் ஒரு டாங்கியை நாம் கை எட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் முதலில் கண்ணில் படுவது குழல்தான். செஞ்சூரியனின் முதல் வகையான மார்க் 1-இல் இருந்தது 17 பவுண்டர் என்ற பீரங்கி. அதன் நுனியில் தடித்த மசில் பிரேக், அதாவது சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கும் துண்டு, உண்டு. மார்க் 3-இல் 20 பவுண்டர் வந்தது, 84 மி.மீ. குழல், நுனியில் மசில் பிரேக் கிடையாது. முதலில் வந்த 20 பவுண்டர் குழல் நெடுக வழுவழுப்பாக இருக்கும். பிறகு வந்ததில், சுட்டபின் புகை டரட்டுக்குள் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதிக்குள்) திரும்பி வராமல் இருக்க, குழலின் மேல் ஒரு உருளை சேர்த்தார்கள். அதற்கும் பிறகு 105 மி.மீ. எல்7 வந்தது. 1956-இல் ஹங்கேரி எழுச்சியின்போது ஒரு சோவியத் டி-54 டாங்கியை புடாபெஸ்டில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்கே ஓட்டி வந்துவிட்டார்கள். அதை ஆராய்ந்து பார்த்த பிரிட்டிஷார் 20 பவுண்டர் போதாது என்று முடிவு செய்ததன் பலன்தான் எல்7.

20 பவுண்டரின் உருளையையும் எல்7-இன் உருளையையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. 20 பவுண்டரில் அது குழலைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும். எல்7-இல் உருளை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். குழலை நுனியிலிருந்து பார்த்தால் நடு அச்சு விலகியிருப்பது தெரியும். நிஜத்தில் நூறில் ஒரு பங்கான 1:100 அளவிலேயே இந்த வித்தியாசம் தெரியும்.

இதை வைத்துப் போர்க்களங்களைப் பாருங்கள். 1950 நவம்பரில் கொரியாவில் இறங்கிய 8-வது ஹுசார் படையிடம் இருந்தது மார்க் 3. அங்கே 105 மி.மீ. குழலைக் கொண்டுபோய் ஒட்டினால் ஒன்பது பத்து ஆண்டு முன்னதாகவே ஒட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். 1965 செப்டம்பரில் அசல் உத்தரிலும் ஃபிலோராவிலும் பாகிஸ்தானின் அமெரிக்கத் தயாரிப்பு பேட்டன் டாங்கிகளை எதிர்த்த இந்திய செஞ்சூரியன்களிலும் 20 பவுண்டர்தான். 1968-இல் வியட்நாம் போன ஆஸ்திரேலிய செஞ்சூரியன்களிலும் அதேதான். ஆஸ்திரேலிய வண்டிகளுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: சேறும் செடிகொடியும் சிக்கிக்கொள்வதால் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டே பலர் ஓட்டினார்கள். கிட்டில் தகடு தனியாக வந்தால் வியட்நாம் வண்டிக்கு அதை ஒட்டாமல் விடலாம். சக்கரங்கள் முழுசாகத் தெரியும், வண்டியின் தோற்றமே மாறிவிடும்.

இஸ்ரேல் வண்டிகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1967-இல் அவர்களிடம் இருந்தவை பழைய மீட்டியோர் பெட்ரோல் என்ஜினோடு ஓடியவை. 1970 வாக்கில் வந்த ஷோட் கல் வகையில் அமெரிக்க டீசல் என்ஜின் வைத்ததால் பின்பக்க மூடி உயர்ந்தது, இரண்டு ஓரத்திலும் காற்று வடிகட்டிப் பெட்டிகள் வந்தன. 1973 கோலான் மேட்டில் நின்றவை இவைதான். ஆக, ஷோட் கல் கிட்டை எடுத்து இந்திய நிறம் அடித்து 1965-க்கு நிறுத்தினால் குழலும் தப்பு, பின்பக்கமும் தப்பு.

நம் பக்கத்துக் கதையில் இன்னொரு குழப்பம், விஜயந்தா. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி தொழிற்சாலையில் கட்டிய அந்த டாங்கி, விக்கர்ஸ் நிறுவனத்தின் தனி வடிவமைப்பு. எல்7 பீரங்கி இருந்தாலும் எடை 40 டன்னைத் தொடாது. செஞ்சூரியன் 50 டன். உடலும் டரட்டும் சக்கர அமைப்பும் வேறு. செஞ்சூரியன் கிட்டை அறுத்து விஜயந்தா செய்ய முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து. 1971-க்கான படையில் விஜயந்தா வேண்டுமென்றால் விக்கர்ஸ் எம்பிடி (பிரதான போர் டாங்கி) மாடலைத் தேடுங்கள்.

சீஃப்டனையும் சேலஞ்சரையும் காலம் பார்க்காமல் கட்டுவது

சீஃப்டன் 1960களின் பின்பாதியில் படைக்கு வந்தது, 120 மி.மீ. பீரங்கியோடு. இருபது ஆண்டுகள் கழித்து 1980களின் நடுவில்தான் ஸ்டில்ப்ரூ என்ற கூடுதல் கவசம் டரட்டின் முன்பக்கத்தில் ஏறியது. பனிப்போர்க் கிட்கள் பலவற்றில் இந்தக் கவசம் சேர்ந்தே வருகிறது. பார்க்க முரட்டுத்தனமாக இருப்பதால் எல்லோரும் ஒட்டிவிடுகிறார்கள். 1975 ஜெர்மனிக்கு அது ஆகாது. ஈரான்–ஈராக் போரில் ஈரான் ஓட்டிய சீஃப்டன்களுக்கும், 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படையை எதிர்த்து நின்ற குவைத் சீஃப்டன்களுக்கும் அது கிடையாது. அந்த மென்மையான, முன்பக்கம் வழிந்து இறங்கும் டரட் வடிவம்தான் சீஃப்டனின் அழகே. கவசத் துண்டைப் பெட்டியிலேயே விட்டுவிடத் தயங்காதீர்கள்.

சேலஞ்சர் 1-இலும் இதே கதை. 1983-இல் ஜெர்மனியில் படைக்கு வந்தது ஒரு தோற்றம். 1991 வளைகுடாப் போருக்குப் போனது பக்கவாட்டில் கனமான கவசப் பெட்டிகளும் மூக்கில் வெடிகவசமும் (குண்டு பட்டால் தானே வெடித்து அதைத் தடுக்கும் கவசம்) பின்னால் எரிபொருள் டிரம்களுமாக இன்னொரு தோற்றம். வளைகுடா கிட்டைப் பச்சை–கறுப்பு அடித்து 1985 ஜெர்மனியில் நிறுத்துவது அடிக்கடி நடக்கிற தவறு.

காங்கரர் என்ற கனரக டாங்கி பற்றி ஒரு வரி போதும்: 1955 முதல் 1966 வரை, ஜெர்மனியில் மட்டும். அதை சூயஸ் கால்வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். ஃபாக்லாந்து 1982-க்குப் படை கட்டுகிறவர்கள் கனரக டாங்கியே வாங்க வேண்டாம். அங்கே போனவை ப்ளூஸ் அண்ட் ராயல்ஸ் படையின் 4 ஸ்கார்ப்பியன், 4 சிமிட்டர், ஒரு சாம்சன் மீட்பு வண்டி. எட்டு டன் எடையுள்ள இந்த இலகுரக வண்டிகள் அந்தச் சதுப்பு நிலத்தில் ஓடின. அத்தனையையும் ஒரு வாரத்தில் கட்டி முடித்துவிடலாம் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் படையைத்தான்.

அளவைக் கலப்பது

15 மி.மீ., 28 மி.மீ. என்று சொல்வது பொம்மை வீரரின் உயரத்தை. அது விகிதம் இல்லை. 15 மி.மீ. விளையாட்டுகளுக்கு டாங்கி 1:100-இல் வரும். 28 மி.மீ.க்கு 1:56. மிகச் சிறிய அளவில் அமெரிக்க நிறுவனமான ஜிஹெச்க்யூ 1:285-இல் செய்கிறது, பிரிட்டனின் ஹெராய்க்ஸ் அண்ட் ராஸ் 1:300-இல். ஏர்ஃபிக்ஸின் பழைய சீஃப்டன் 1:76. ரெவலின் சேலஞ்சர் 1:72.

செஞ்சூரியனின் உடல் நீளம், குழலைச் சேர்க்காமல், சுமார் 7.6 மீட்டர். அது 1:72-இல் 10.6 செ.மீ., 1:76-இல் 10 செ.மீ., 1:100-இல் 7.6 செ.மீ., 1:285-இல் 2.7 செ.மீ. ஒரு ஸ்கேல் வைத்து அளந்தாலே வந்த மாடல் சொன்ன அளவில்தான் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 1:285-ஐயும் 1:300-ஐயும் ஒரே மேசையில் வைக்கலாம், கண்ணுக்கு உறுத்தாது. 1:72-ஐயும் 1:76-ஐயும் ஒரே படைப்பிரிவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறுத்தும். எதிரெதிர் அணிகளில் வைத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

3டி பிரிண்ட் எடுப்பவர்களுக்கு: 1:56 கோப்பை 1:100 ஆக்க 56 சதவீதம் வைத்தால் அளவு சரியாக வரும், ஆனால் குழலும் கைப்பிடிகளும் நூலாகிவிடும். குழலை மட்டும் பித்தளைக் கம்பியில் செய்துகொள்வது நல்லது.

கட்டும்போது

ரெசின் பாகங்களைக் கழுவாமல் பெயின்ட் அடிப்பதுதான் முதல் தவறு. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை அவற்றின் மேல் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். அடுத்தது பசை. பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. ரெசினையும் உலோகத்தையும் அது ஒட்டாது. அவற்றுக்குச் சூப்பர் குளூ. ரெசினை உப்புத்தாளில் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ரெசின் குழல் வளைந்து வந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. சூடான தண்ணீரில் சில நொடி முக்கி, நேராக்கி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் பிடித்தால் நின்றுவிடும். விரலால் நேராக்குவதைவிட ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டுவது சுலபம்.

அலமாரியில் வைக்கும் மாடலும் விளையாடும் மாடலும் ஒன்று என்று நினைப்பது பெரிய தவறு. விளையாடும் டாங்கியை ஒரு மாலைப்பொழுதில் பத்துப் பேர் தூக்குவார்கள், பெரும்பாலும் குழலைப் பிடித்தே தூக்குவார்கள். செஞ்சூரியன் குழலும் சீஃப்டன் குழலும் நீளம்; அவைதான் முதலில் உடையும். குழலின் அடியில் 0.5 மி.மீ. துளை போட்டு, உள்ளே சிறு கம்பி வைத்து ஒட்டினால் பல வருடம் தாங்கும். ஆன்டெனாவுக்கு ஊசிக் கம்பி வேண்டாம், கையைக் குத்தும். துடைப்பத்து நைலான் இழை போதும். டரட்டுக்குக் காந்தம் வைப்பதாக இருந்தால், படையில் உள்ள எல்லா வண்டிக்கும் காந்தத்தின் ஒரே முகம் மேலே வருமாறு வையுங்கள். அப்போதுதான் டரட்டுகளை மாற்றி மாற்றிப் போடலாம்.

நிறத்திலும் குறிகளிலும்

1950களின் பிரிட்டிஷ் டாங்கிக்கு டீப் பிரான்ஸ் கிரீன். மிகவும் அடர்ந்த, பளபளப்பான பச்சை. உண்மையான நிறத்தை அப்படியே சிறிய மாடலில் அடித்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெளிர்பச்சை கலந்து இரண்டு படி இறக்குங்கள். 1:285-இல் இன்னும் ஒரு படி. 1970களிலிருந்து ஜெர்மனியில் இருந்த வண்டிகளுக்கு மங்கிய பச்சையின் மேல் கறுப்புப் பட்டைகள், பச்சை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கறுப்புக்குச் சுத்தமான கறுப்பை எடுத்தால் சக்கரம், நிழல், பட்டை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அடர் சாம்பல்தான் சரி.

வெள்ளை, சாம்பல், பழுப்புச் சதுரங்களாக அடித்த சீஃப்டன் படங்களைப் பார்த்து அதைத் தங்கள் படை முழுவதற்கும் அடிக்கிறவர்கள் உண்டு. அது 1980களில் மேற்கு பெர்லினில் இருந்த டாங்கிகளுக்கு மட்டும், நகரத்துக் கட்டடங்களோடு கலப்பதற்காக அடித்த நிறம். வயல்வெளியில் அது பொருந்தாது.

மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்து, சொரசொரப்பாகிவிடும். அவசரமென்றால் தூரிகையால் அடிக்கும் பிரைமர் இருக்கிறது.

எண்களும் குறிகளும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படமான டீக்கலை மங்கிய பெயின்ட் மேல் நேராக ஒட்டினால் ஓரத்தில் வெள்ளிபோல் காற்றுப் படலம் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டீக்கல், கடைசியில் மேட் வார்னிஷ். ஸ்குவாட்ரன் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) குறிகளை எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி ஒட்டாதீர்கள்: தலைமைக்கு வைரம், ஏ-வுக்கு முக்கோணம், பி-க்குச் சதுரம், சி-க்கு வட்டம். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவப் பதிவு எண், இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்ற வரிசையில் வரும். 1991 வண்டிகளில் பக்கவாட்டில் தலைகீழ் வி வடிவக் கறுப்புக் குறி இருந்தே ஆக வேண்டும். கூட்டணி விமானங்கள் தங்கள் வண்டியை அடையாளம் காண வைத்தது அது.

எத்தனை வண்டி வாங்குவது என்பதையும் ஆண்டைப் பார்த்தே முடிவு செய்யலாம். வளைகுடாப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டில் 57 டாங்கிகள்: நான்கு ஸ்குவாட்ரன், ஒவ்வொன்றிலும் 14, மீதி ஒன்று ரெஜிமென்ட் தலைவருடையது. ஸ்குவாட்ரனுக்குள் மூன்று மூன்றாக நான்கு டுரூப், அதோடு தலைமைக்கு இரண்டு. மூன்று வண்டி வாங்கிக் கட்டி முடித்தால் ஒரு முழு டுரூப் கையில் இருக்கும், அன்றைக்கே விளையாடலாம். நான்காவது பெட்டியை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.