பழைய உதிரிகளில் டிராக்டர் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் இரண்டு இளைஞர்கள், சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கார் எஞ்சினையும் லாரியின் பின் அச்சையும் கொண்டு தாங்கள் கட்டிவரும் சிறு டிராக்டரைக் காட்ட என்னை அழைத்துச் சென்றனர். அவர்களுடைய வெல்டிங் என்னுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. ஆனால், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை அங்கேயும் இருந்தது. போல்ட் இறுக்குவதையும் ஆயில் மாற்றுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கியர்பாக்ஸ்களை இடம் மாற்றி வைப்பது

கார் எஞ்சினை ஒற்றை கியர்பாக்ஸுடன் உழவுக்கு இறக்க முடியாது. முதல் கியர் 4-க்கு 1 (நான்கு சுற்று உள்ளே போனால் ஒரு சுற்று வெளியே வரும்), பின் அச்சில் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கர இணையான கிரவுன் பினியன் 5-க்கு 1 எனில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது சக்கரம் 100 சுற்று சுற்றும்; டயரின் விட்டம் 1.2 மீட்டராக இருந்தால் வண்டி மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 6-க்கு 1 என்ற முதல் கியருள்ள லாரி கியர்பாக்ஸ் ஒன்றையும் தொடரில் சேர்த்தால் வேகம் 4 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இதுவரை எல்லாரும் சரியாகவே செய்கிறார்கள்.

எது முன்னால் என்பதில்தான் சறுக்குகிறார்கள். எஞ்சினுக்கு அருகில்தான் விசை அதிகம் என்று நம்பிப் பெரிய லாரிப் பெட்டியை முன்னாலும், மிச்ச இடத்தில் அடங்குகிறதே என்று சிறிய கார்ப் பெட்டியைப் பின்னாலும் பொருத்துகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது: கியரில் வேகம் குறையக் குறைய, தண்டைச் சுழற்றும் முறுக்குவிசை பெருகும். எஞ்சின் 8 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசை தந்தால், லாரிப் பெட்டியைக் கடந்து வருவது 48. அதை வாங்கிக்கொள்ளும் கார்ப் பெட்டியோ 8-க்காகச் செய்யப்பட்டது. கார்ப் பெட்டி முன்னால் இருந்தால் லாரிப் பெட்டிக்குப் போவது 32 மட்டுமே. அது லாரி எஞ்சினிடமிருந்தே வாங்கிப் பழகிய சுமைதான்.

என் வண்டி இரண்டு வாரம் நன்றாகத்தான் உழுதது. டயர் வழுக்குகிறதே என்று பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றிய அன்று, கரும்புக் கட்டையில் கொழு சிக்கியதும், பின்னாலிருந்த கார்ப் பெட்டிக்குள் உள்ள துணைத் தண்டான லே ஷாப்ட்டின் பற்கள் உதிர்ந்தன. அதுவரை அந்த வழுக்கல்தான் ஃபியூஸ் போலப் பல்லைக் காப்பாற்றியிருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. பழைய பல் தேய்ந்திருக்கும் என்று முடிவுகட்டி வேறொரு கார்ப் பெட்டி வாங்கினேன். மூன்றாவதும் உடைந்த பிறகே தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். இதைச் சொன்னபோது அந்த இளைஞர்களில் ஒருவர், "மெதுவாக ஓட்டிக்கொள்கிறோம்" என்றார். மெதுவாக ஓட்டும் கியரில்தான் பல் உடைகிறது.

கலப்பையைப் பின் அச்சுக்கு மேலே இணைப்பது

முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுநர்மேல் கவிழும். இணைப்பு அச்சின் மையத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

மின்விசிறி இல்லாத ரேடியேட்டர்

சாலையில் காருக்குக் கிடைக்கும் எதிர்காற்று வயலில் கிடையாது. பெரிய விசிறியும், காற்றைச் சிதறவிடாத மறைப்புத் தகடும் தேவை.

பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

வரப்பில் ஏறும் முன்பே பொருத்திவிடுங்கள்.

சாலையில் ஓட்டுவது

பதிவு பெறாத வண்டி. வயலோடு இருக்கட்டும்.